பாங்காக்கில் தனியாக ஏழு இரவு: லேஸ் வாங்கவும் ஊர் பார்க்கவும்

காவேரித் தையல்:
எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் பதினெட்டு வருடமாக ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். வயது 51. டிசம்பரில் பாங்காக் போக டிக்கெட் எடுத்துவிட்டேன், தனியாகத்தான். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டுக்காரருக்கு விமானம் ஒத்துக்கொள்ளாது.

இரண்டு ஆசை. லேஸ், பட்டன், கல் வைத்த பார்டர் எல்லாம் மொத்தமாக விற்கும் சந்தைகளைக் கண்ணால் பார்த்து, கடைக்கும் கொஞ்சம் வாங்க வேண்டும். அப்புறம் அரண்மனை, கோயில், ஆறு இதையெல்லாம் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். குரூப் டூரில் கேட்டுப் பார்த்தேன். பட்டாயா, சஃபாரி, நகைக்கடை, தோல்கடை என்று நாளெல்லாம் அடைத்திருக்கிறார்கள். நான் கேட்ட சந்தை ஒன்றுகூட அதில் இல்லை.

எங்கே தங்கலாம்? எந்த நாளை எதற்கு வைத்துக்கொள்ளலாம்? நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன வழி? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணி:
சகோதரி, மனதில் பட்டதைச் சொல்கிறேன். மொழி தெரியாத ஊர், தனியாகப் பெண். கையில் காசோடு சந்தை சந்தையாகச் சுற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த வருடம் மகளோடு போகக் கூடாதா?

காவேரித் தையல்:
அக்கறைக்கு நன்றி அண்ணா. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று ஆறு வருடம் ஓடிவிட்டது. இந்த முறை போகிறேன்.

பாங்காக்வாசி:
அக்கா, நான் இங்கே வந்து ஒன்பது வருடம் ஆகிறது. தனியாகச் சுற்றும் பெண்கள் இந்த ஊரில் அதிகம். ராத்திரி பத்து மணிக்கு ரயிலில் பாருங்கள், வேலை முடிந்து போகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். உடலுக்கு ஆபத்து என்பதைவிட ஏமாற்றுக்காரர்களிடம்தான் கவனம் தேவை. அதிலும் ஒரு வித்தையைத் தெரிந்துகொண்டால் போதும்.

அரண்மனை மதில் ஓரமாக நடக்கும்போது நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று விசேஷம், மதியம் வரை மூடியிருக்கிறது, அதுவரை வேறு கோயில் பார்க்கலாம், டுக்டுக் 20 பாட்தான்" என்பார். ஏறினால் கடைசியில் ஒரு ரத்தினக் கடையில் கொண்டுபோய் இறக்குவார்கள். பல வருடமாக நடக்கிறது, இன்னும் ஆட்கள் விழுகிறார்கள். மூடியிருக்கிறதா இல்லையா என்று வாசல் வரை போய் நீங்களே பாருங்கள். டிக்கெட் காலை 8.30 முதல் மாலை 3.30 வரை தருவார்கள். தொந்தரவு என்றால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155.

வருவதற்கு முன்: டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒன்று 2025 மே முதல் கட்டாயம். வந்து இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் இல்லை. விசா விதி அடிக்கடி மாறுகிறது, கிளம்பும் வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் சிநேகன்:
தங்கும் இடத்துக்கு என் ஓட்டு ஹுவா லம்போங் பக்கம். காரணம் எம்.ஆர்.டி. என்னும் மெட்ரோ ரயிலின் நீலப் பாதை. அக்காவுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரே பாதையில் இருக்கிறது. ஹுவா லம்போங்குக்கு அடுத்தது வாட் மங்கோன், அதாவது சைனாடவுன். அதற்கு அடுத்தது சாம் யோட். பாஹுரத் துணிச் சந்தைக்கும் லேஸ், பட்டன் விற்கும் சம்பெங் சந்துக்கும் அங்கிருந்து நடந்துவிடலாம். அடுத்தது சனாம் சாய், ஏறி வந்தால் வாட் போ கோயில். எதிர்த்திசையில் போனால் கம்பெங் பெட். அங்கே ஸ்டேஷன் வாசலே சதுசக் சந்தைக்குள்தான் திறக்கிறது.

சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ஏர்போர்ட் ரயிலில் மக்கசான் இறங்கி, மேம்பாலத்தில் நடந்தால் பெட்சபுரி ஸ்டேஷன். அதுவும் நீலப் பாதை. டாக்ஸியே தேவைப்படாது. எம்.ஆர்.டி. கேட்டில் விசா, மாஸ்டர் கார்டைத் தட்டினாலே திறக்கும், தனியாக டிக்கெட் வாங்க நிற்க வேண்டாம்.

சென்னை செல்வி:
அக்கா, வாங்குவதற்கு ஒரு நாள், பார்ப்பதற்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நான் ஒரே நாளில் இரண்டையும் சேர்த்தேன். ஆறு கிலோ துணிப் பையைத் தூக்கிக்கொண்டு வாட் அருண் கோயில் படியில் ஏறினேன். கூட ஒருவர் இருந்தால் பையைக் கொடுத்துவிட்டு ஏறலாம். தனியாக வந்தவருக்கு அந்த வசதி இல்லை. கழிவறைக்குப் போனாலும் பையோடுதான் போக வேண்டும்.

ப்ரதுனாமில் ப்ளாட்டினம் மால் பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஒரே கடையில் மூன்று உருப்படி எடுத்தால் மொத்த விலை போடுவார்கள். ஆனால் பல கடைகளில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். அளவும் நம் உடம்புக்குச் சின்னது. இஞ்ச் டேப் எடுத்துப் போங்கள்.

காவேரித் தையல்:
இஞ்ச் டேப் இல்லாமல் நான் எங்கும் போனதில்லை தங்கை. ரெடிமேட் எனக்கு முக்கியமில்லை, அந்த மாலை விட்டுவிடுகிறேன். பாஹுரத்தில் துணி மீட்டர் கணக்கா?

பாங்காக்வாசி:
கெஜக் கணக்கு அக்கா. இங்கே "லா" என்பார்கள். ஒரு லா 91 செண்டிமீட்டர்தான். மீட்டர் என்று நினைத்து வாங்கினால் பத்துக்கு ஏறக்குறைய ஒன்று குறையும்.

சாப்பாட்டுக்கு: மஞ்சள் கொடியில் சிவப்பாக "ஜே" என்ற தாய் எழுத்து இருந்தால் அது சுத்த சைவம். முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. மற்ற கடைகளில் காய்கறி என்று சொன்னாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். மீன் சாறு ஊற்ற வேண்டாம் என்பதற்கு "மாய் சாய் நாம் ப்லா கா" என்று சொல்லிப் பழகுங்கள். கடைசியில் வரும் "கா" பெண்கள் பேச்சில் மரியாதைக்குச் சேர்ப்பது. பாஹுரத்தில் தங்கக் கும்பத்தோடு சீக்கியர்களின் பெரிய குருத்வாரா இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு உள்ளே போனால் லங்கர் என்னும் பொதுப் பந்தியில் ரொட்டி, பருப்பு. பஞ்சாபித் துணி வியாபாரிகள் பல தலைமுறையாக அந்தப் பகுதியில் இருக்கிறார்கள்.

மார்கழிப்பனி:
அம்மா, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான். சாம் யோட் வரை போகிறவர் இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் வாட் சுதாத் எதிரே சிவப்பு நிறத்தில் மிக உயரமான ஓர் ஊஞ்சல் சட்டம் நிற்கும். சாவ் சிங் சா என்பார்கள். முதலாம் ராமர் என்னும் தாய்லாந்து அரசர் காலத்தில் 1784இல் வைத்தது. பக்கத்திலேயே அரசவைப் பிராமணர்களின் கோயில், தேவசதான்.

அங்கே நடந்த விழாவின் பெயர் த்ரீயம்பவாய், த்ரீபவாய். இந்தப் பெயர்கள் வேறெதுவுமில்லை, திருவெம்பாவை, திருப்பாவைதான். நம் மார்கழிப் பாடல்கள் கடல் கடந்து அந்த அரசவைக்குப் போய், பொருள் மறைந்த பிறகும் ஓதுதலாக நின்றன. ஊஞ்சலில் ஆடுவது ஆபத்தாக இருந்ததால் 1935க்குப் பிறகு அது நின்றுவிட்டது. மரம் பழுதானபோது புதிய தேக்கு மரங்களைக் கொண்டு 2007இல் திரும்ப நிறுத்தினார்கள். நீங்கள் டிசம்பர் நடுவில் போகிறீர்கள். முடிந்தால் மார்கழி பிறக்கும் நாளில் அங்கே போய் நில்லுங்கள்.

காவேரித் தையல்:
ஐயா, இது எனக்குத் தெரியவே தெரியாது. கடைசி நாளுக்கு எழுதி வைத்துவிட்டேன்.

காவேரித் தையல்:
வந்து சேர்ந்தேன், வியாழன் இரவு. ரயில் சிநேகன் தம்பி சொன்ன பாதையிலேயே வந்தேன். விமான நிலையத்தில் கீழ்த்தளத்தில், ரயிலுக்குப் போகும் வழியில் பணம் மாற்றினேன். மேலே வருகைக் கூடத்தில் பார்த்த விலையைவிடக் கூடக் கிடைத்தது. விடுதி முகவரியைத் தாய் எழுத்தில் அட்டையாக வாங்கிப் பர்ஸில் வைத்திருக்கிறேன். மகளுக்கு லொகேஷன் அனுப்பிவிட்டேன். நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது, வீட்டில் இப்போதுதான் இரவுச் சாப்பாடு.

காவேரித் தையல்:
வெள்ளி. அரண்மனை நாள். அந்த "நன்றாக உடுத்தியவர்" வந்தார்! வார்த்தைக்கு வார்த்தை பாங்காக்வாசி எழுதியதுதான். கைகூப்பிவிட்டு நடந்தேன். வாசல் திறந்துதான் இருந்தது. 500 பாட் டிக்கெட்.

மரகத புத்தர் வெறும் 66 செண்டிமீட்டர் உயரம். மரகதம் என்று பெயர், கல் ஜேட் வகை என்கிறார்கள். உயரமான பீடத்தில் இருப்பதால் முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது அவர் உடுப்பு. வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று மூன்று தங்க உடுப்புகள். பருவம் மாறும்போது அரசர் கையால் மாற்றுவார்கள். இப்போது குளிர்கால உடுப்பு, தோளிலிருந்து கீழே வரை வலை மாதிரி விழும் தங்கப் போர்வை. உட்கார்ந்திருக்கும் உருவத்துக்கு இழுவை தெரியாமல் எப்படி அமைத்தார்கள் என்று அரை மணி பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் நான்கு குழுக்கள் வந்து போய்விட்டன. கொடி பிடித்தவர் கூப்பிட்டதும் எழுந்து ஓடினார்கள். என்னைக் கூப்பிட யாரும் இல்லை.

சுற்றுச் சுவரில் ராமகியென், 178 ஓவியங்கள். நம் ராமாயணம்தான், அனுமன் வெள்ளை நிறம். படை வீரர்களின் கச்சைக்குக்கூடத் தங்க வரி போட்டிருக்கிறார்கள்.

அதே டிக்கெட்டில் ராணி சிரிகிட் துணி அருங்காட்சியகமும் உண்டு. வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தைக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவு செய்து தாண்டாதீர்கள். 1960இல் ராணி வெளிநாட்டுப் பயணம் போக வேண்டியிருந்தது. தாய்லாந்துப் பெண்களுக்குத் தேசிய உடை என்று வரையறுத்த ஒன்று அப்போது இல்லை. பழைய அரசவை உடைகளை ஆராய்ந்து எட்டு வகை அமைத்தார்கள். மேற்கத்திய உடைகளை பாரிஸில் பியர் பால்மெய்ன் தைத்தார், தாய்ப் பட்டில். உடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் தையல் தெரிகிறது. கிராமத்து மத்மி பட்டும் இருக்கிறது. நூலை முதலில் கட்டிச் சாயம் ஏற்றி, பிறகு நெய்வது. நம் பக்கத்துப் போச்சம்பள்ளி மாதிரியே முறை.

மூன்றரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், அதனால் அரண்மனையைக் காலையிலேயே முடியுங்கள்.

தாமிரபரணி:
தங்கை, படிக்கப் படிக்க மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஜாக்கிரதையாக இருங்கள். தினமும் எழுதுங்கள்.

சென்னை செல்வி:
நான் இரண்டு முறை அரண்மனை போயும் அந்த அருங்காட்சியகத்தைப் பார்க்கவில்லை. டிக்கெட்டில் இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

காவேரித் தையல்:
சனி. சதுசக். 15,000 கடைக்கு மேல், 27 பிரிவு. சனி ஞாயிறுதான் முழுச் சந்தை. ஒன்பதுக்கே போனேன், பதினொன்றுக்கு மேல் வெயிலும் கூட்டமும் ஏறிவிடும். நடுவில் மணிக்கூண்டு இருக்கிறது, வழி தவறினால் அதை நோக்கி நடந்தால் போதும். ஒரு கடை பிடித்தால் உடனே வாங்கிவிடுங்கள், அல்லது பிரிவு எண்ணையும் சந்து எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து கண்டுபிடிக்கலாம் என்பது நடக்காது. எனக்கு ஒரு பித்தளைக் கத்திரிக்கோல் அப்படித் தவறியது.

புத்தர் தலை, சிலை விற்கும் கடைகள் உண்டு. புத்தர் உருவத்தை நாட்டை விட்டு எடுத்துப் போக நுண்கலைத் துறை அனுமதி வேண்டும். அலங்காரத்துக்கு வைப்பதை அவர்கள் விரும்புவதும் இல்லை. நான் தொடவில்லை.

காவேரித் தையல்:
திங்கள். சம்பெங். இதற்காகத்தான் வந்தேன்.

இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய சந்து. அதற்குள் தள்ளுவண்டி, மோட்டார் சைக்கிள், மூட்டைக்காரர். இரண்டு பக்கமும் பட்டன் மட்டும் விற்கும் கடை, ரிப்பன் மட்டும் விற்கும் கடை, மணி மட்டும், ஜிப் மட்டும். கும்பகோணத்தில் ஒரு ஜரிகை லேஸ் வேண்டும் என்றால் நான்கு நிறம் காட்டுவார்கள். இங்கே ஒரே டிசைனில் நாற்பது நிறம் சுவர் முழுக்கச் சுருளாகத் தொங்குகிறது. வாடிக்கையாளர்கள் புடவையைக் கொண்டுவந்து "இதே ராமர் பச்சை" என்று கேட்கும்போது எத்தனை முறை கைவிரித்திருக்கிறேன். சுவருக்கு முன்னால் நின்றபோது அந்தப் புடவைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

ஒன்றுக்கு ஒரு விலை, டஜனுக்கு ஒரு விலை. "தாவ் ரை கா" என்று கேட்டால் கால்குலேட்டரில் அடித்துக் காட்டுகிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட அவர்களே குறைக்கிறார்கள், ரொம்பப் பேரம் பேச வேண்டியதில்லை. பெரிய மால்களில் ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும் படிவம் தருவார்கள், பாஸ்போர்ட் வேண்டும். இந்தச் சந்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு வருத்தம். ஒரு கடையில் கிரீம் நிறப் பருத்தி லேஸ் ஆறு சுருள் எடுத்தேன். அறைக்கு வந்து பிரித்தால் இரண்டு சுருளில் உள்ளே போகப் போக நிறம் மாறியிருந்தது. வெளிச்சத்தில் இருந்த மேல் சுற்று ஒரு நிறம், உள் சுற்று ஒரு நிறம். உடனே திரும்பிப் போனேன். பில் இல்லை, மாற்ற முடியாது என்று தலையசைத்துவிட்டார்கள். வாங்கும்போதே இரண்டு மூன்று சுற்றுப் பிரித்துப் பாருங்கள், கையால் எழுதிய சீட்டானாலும் கேட்டு வாங்குங்கள். என் கடையில் இந்தத் தப்பை நான் செய்திருக்க மாட்டேன். வெளியூர்ப் பரபரப்பில் கை வேகமாகப் போய்விட்டது.

பாஹுரத் குருத்வாராவில் சாப்பிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்த வயதான பஞ்சாபி அம்மா, நான் தையல்காரி என்றதும் தன் துப்பட்டா ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். கையால் போட்ட பின்னல். இருவருக்கும் பொது மொழி இல்லை. எப்படிப் போடுவது என்று விரலால் காட்டிக் கொடுத்தார்.

ரயில் சிநேகன்:
அக்கா, எடை எவ்வளவு ஆயிற்று?

காவேரித் தையல்:
லேஸ், பட்டன், துணி எல்லாம் சேர்த்து 14 கிலோ. தொங்கவிடும் தராசு கொண்டுவந்திருக்கிறேன். அட்டைச் சுருளை எடுத்துவிட்டு லேஸை மட்டும் கட்டினேன், ஒன்றரை கிலோ குறைந்தது.

பாங்காக்வாசி:
நம் ஊர் விமான நிலையத்தில் சுங்க வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. ஒரே சாமான் நிறைய இருந்தால் கேட்பார்கள். உண்மையைச் சொல்லி வரி இருந்தால் கட்டிவிடுவதே நிம்மதி.

காவேரித் தையல்:
செவ்வாய். இன்று ஒன்றும் வாங்கவில்லை. காலையில் ஜிம் தாம்சன் வீடு. தாய்ப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர், 1967இல் மலேசியாவின் கேமரன் மலைக்குப் போனவர் திரும்பவே இல்லை. பழைய தேக்கு வீடுகள் ஆறைக் கொண்டுவந்து இணைத்துக் கட்டியிருக்கிறார். அவருக்கு நெய்து கொடுத்த சாம் இன முஸ்லிம் குடும்பங்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பான் க்ருவாவில் இருந்தார்கள். வீடு அழகுதான். ஆனால் வழிகாட்டியோடுதான் சுற்ற வேண்டும், நின்று பார்க்க விடவில்லை. எனக்கு மனம் நிறையவில்லை.

மாலையில் சிலோம் மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது. கோபுரத்தைப் பார்த்ததும் நம் தெருவுக்குள் வந்த மாதிரி இருந்தது. உள்ளே கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். கையில் சாமந்தி மாலை, தேங்காய், பழத்தட்டு. ஒரு இளம்பெண் நான் விழுந்து கும்பிடுவதைப் பார்த்து, அதே மாதிரி செய்தாள்.

காவேரித் தையல்:
புதன், மார்கழி முதல் நாள். விடியற்காலையில் ஐந்தரைக்கு எழுந்து முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து சாம் யோட் போனேன். ஊஞ்சல் சட்டத்தைச் சுற்றிப் பேருந்தும் ஸ்கூட்டரும் ஓடிக்கொண்டிருந்தன. பிட்சுக்கள் வெறுங்காலோடு பிச்சை வாங்கிப் போனார்கள். தேவசதான் வாசல் சாத்தியிருந்தது. வெள்ளைச் சுவர், சின்ன மணிக்கூண்டு மாதிரி ஒரு முகப்பு. எதிர் நடைபாதையில் நின்று "மார்கழித் திங்கள் மதிநிறைந்த நன்னாளால்" என்று மெதுவாகச் சொன்னேன். அப்புறம் "ஆதியும் அந்தமும் இல்லா". முழுதும் தெரிந்தது இந்த இரண்டு பாட்டுத்தான். பூ விற்கும் பாட்டி நான் முடிக்கும் வரை தண்ணீர் தெளிக்காமல் நின்றார்.

ஐயா, நீங்கள் சொல்லாவிட்டால் அந்த இடத்தைச் சிவப்புக் கம்பம் என்று தாண்டிப் போயிருப்பேன்.

மார்கழிப்பனி:
அம்மா, இதைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. வகுப்பில் முப்பது வருடம் சொல்லிக் கொடுத்த பாட்டு. நன்றாக இருங்கள்.

சென்னை செல்வி:
அக்கா, ஊர் வந்துவிட்டீர்களா? அந்த வெளுத்த லேஸ் என்ன ஆயிற்று?

காவேரித் தையல்:
வந்துவிட்டேன் தங்கை. பருத்தியாக இருந்ததால் தப்பித்தது. பாலியஸ்டர் என்றால் சாயம் ஏறாது. டீத்தூளை நன்றாகக் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஒரு பிடி உப்புப் போட்டு, முதலில் வெறும் தண்ணீரில் நனைத்த லேஸை அதில் பத்து நிமிடம் முக்கினேன். நிழலில் காயவைத்தேன். இப்போது இரண்டு சுருளும் ஒரே நிறம், கிரீமைவிட ஒரு படி கூடுதல், பழைய தந்தம் மாதிரி. மகளுக்கு மாம்பழ மஞ்சள் பட்டுக்குக் கை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். பஞ்சாபி அம்மா காட்டிய பின்னலைப் பின்கழுத்துக் கயிற்று முனையில் போட்டுப் பார்த்தேன், மூன்றாவது முறைதான் சரியாக வந்தது. முடிந்ததும் படம் போடுகிறேன்.